வாங்க, பார்த்துக்கலாம்

இது இரண்டாயிரத்து எட்டில் நடந்ததா, ஒன்பதில் நடந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மின்வெட்டு இருந்தது நினைவிருக்கிறது. எங்கோ வெளிநாட்டில் ஒரு வங்கி விழுந்துவிட்டது, அதனால் திருப்பூர் நல்லூரில் பனியன் தைக்க ஆர்டர் இல்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது. பனியன் கம்பெனிகளின் சபைக் கட்டடத்துக்கு அப்போதே நீல வண்ணம் அடித்திருந்தார்களா, பிறகு அடித்தார்களா என்பதில் சந்தேகம் உண்டு. அங்கே பேசப்பட்டவை எதையும் நான் நேரில் கேட்கவில்லை. கேட்டவர்கள் சொன்னதைக் கேட்டேன், அவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். செல்போனைத் துவைத்தது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். அதை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

முனீஸ் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நின்றான். தைத்து வரும் பனியனைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, பட்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. நாள் முழுவதும் பிறர் செய்த பிழைகளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தானும் சில பிழைகளைச் செய்து பார்க்கலாமென்று ஆசை வந்தது. மாலை நேரங்களில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா படித்தான். செல்போனில் ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதப் பழகியதும் செக்கிங்கை விட்டுவிட்டான். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினான். ஆகவே தெருவில் அவனை வேலையில்லாதவன் என்றார்கள்.

அவன் எழுதிய முதல் புரோகிராம் பல்லடம் பஸ் நேரம். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதை ஓர் அயல்நாட்டு வலைத்தளத்தில் போட்டுவைத்தான். யார் யார் இறக்கிக்கொண்டார்கள் என்று பார்த்தபோது இந்தோனேசியாக்காரர்கள்தான் அதிகம் இருந்தார்கள். பல்லடம் போக அவர்களுக்கு என்ன அவசரம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான். உள்ளூரில் அதை வைத்திருந்தவர் ஒரு கண்டக்டர் மட்டுமே. அவரும், தன் பஸ் அந்த நேரத்துக்கு வருவதில்லை என்பதால் நேரத்தை மாற்றச் சொன்னார்.

இரண்டாவது புரோகிராம் அவன் மனைவி அனுசுயாவால் வந்தது. அவள் நல்லூரில் கன்னையன் என்பவருடைய சின்னக் கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். பீஸ் ரேட். தைத்தால் கூலி, தைக்காவிட்டால் இல்லை. அந்த வருடம் பாதி நாள் கரண்ட் இல்லை, மீதி நாளில் பாதி கட்டிங்கிலிருந்து துணி வரவில்லை. எட்டரைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, மத்தியானச் சோற்றைத் தின்று, சாயங்காலம் வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பினாள். அடுத்த தெருக் கம்பெனியில் அன்றைக்கு வேலை இருந்திருக்கும். ஆனால் மணியடித்த பிறகு அங்கே ஆள் எடுக்கமாட்டார்கள்.

“கெளம்புறதுக்கு முன்ன ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?” என்றான் முனீஸ்.

“கேக்காமயா இருக்கேன்? ‘வாங்க அம்மிணி, பார்த்துக்கலாம்’னு சொன்னாரு. போனேன். அவரு என்னையப் பார்த்தாரு, நான் அவரப் பார்த்தேன். வேற ஒண்ணும் நடக்கல.”

கன்னையன் கெட்டவர் அல்ல. ஒருவர் முகத்துக்கு நேரே, ஏன், காதுக்கு நேரே கூட, ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வராது. அந்த ஊரில் பலருக்கும் வராது. கடன் கேட்டாலும், பெண் கேட்டாலும், வேலை கேட்டாலும் ‘பார்த்துக்கலாமுங்க’ என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு போய்விடுவார்.

முனீஸ் யோசித்தான். கன்னையன் தன் போனில் காலையில் இரண்டு பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும். முதல் பட்டன் உண்டு, இரண்டாவது இல்லை. தையல்காரப் பெண்கள் வீட்டிலிருந்தபடி தங்கள் போனைத் தட்டினால் அந்தப் பதில் வந்துவிடும். அவ்வளவுதான் புரோகிராம். ‘வேலை உண்டா’ என்று பெயர் வைத்தான்.

கன்னையனுக்கு உயிர் வந்தது போல் ஆகிவிட்டது. “வாயில சொல்றதுக்குத்தானுங்க சங்கட்டம். பட்டன் அமுக்கறதுல என்னங்க இருக்குது? நாலு கம்பெனிக்காரங்ககிட்ட நானே சொல்றனுங்க. ஆனா முனீசு, சபையில ஒரு வார்த்த அப்ரூவல் வாங்கிருங்க. இல்லாட்டி ஆடிட்டுக்கு வாரவன் இதென்ன போனுன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருவான்.”

அனுசுயாவும் சரி என்றாள். ஆடி முடியும்வரை வீட்டை அவள் பார்த்துக்கொள்வாள். அதற்குள் அப்ரூவல் வந்து கம்பெனிகள் எடுத்துக்கொண்டால் முனீஸ் புரோகிராம் எழுதியே பிழைக்கலாம். வராவிட்டால் செக்கிங் டேபிளுக்குத் திரும்ப வேண்டியது.

பின்னலாடைத் தர ஏற்புச் சபை என்பது பனியன்களுக்காக ஏற்பட்டது. ஒரு கம்பெனிக்குள் புதிதாக எது நுழைந்தாலும் அது முதலில் சாம்பிளாகச் சபைக்கு வர வேண்டும். சபை அதை அளந்து, துவைத்து, ஊசி தேடி, தேறியதற்கு அடையாளமாகச் சிவப்பு டேக் கட்டி, சீல் வைக்கும். மேசைவிசிறிக்கும் சபை டேக் கட்டியிருக்கிறது. குடிநீர்ப் பானைக்கும் கட்டியிருக்கிறது.

வாசலில் இருந்தவர் சுப்பண்ணன், சபையின் பியூன். முனீசின் கையைப் பார்த்தார்.

“பாலித்தீன் கவரு எங்க சாமி?”

“புரோகிராமுங்க. போனுக்குள்ள இருக்கு.”

“எதுக்குள்ள வேணா இருக்கட்டும். கவர்ல போட்டுத்தான் உள்ள போகோணும். மூணு பீஸ் வேணும். ஒண்ணு சபைக்கு, ஒண்ணு சரக்கு வாங்குற பையருக்கு, ஒண்ணு உங்களுக்கு.”

தன்னுடைய போன், அனுசுயாவின் போன், கன்னையனின் போன் மூன்றையும் பனியன் போடுகிற கவர்களில் போட்டு எடுத்துக்கொண்டு, மறுநாள் தர அதிகாரி சித்ராதேவியின் முன் நின்றான். அவர் கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

“சைஸ் செட் கொண்டாந்தீங்களா? ஸ்மால், மீடியம், லார்ஜ்?”

முனீசுக்கு நெஞ்சு நிறைந்தது. போனுக்குப் போன் திரையின் அளவு மாறும். ஒன்றில் சரியாக வரும் எழுத்து இன்னொன்றில் வெட்டுப்படும். இந்தக் கேள்வியை இந்தோனேசியாவிலிருந்துகூட யாரும் அவனிடம் கேட்டதில்லை. மூன்று போன்களும் மூன்று அளவு என்று ஆர்வத்தோடு விளக்கினான். சித்ராதேவி பொறுமையாகக் கேட்டார்.

“அது சரிங்க. கை போற ஆர்ம்ஹோல் அளவு எழுதலையே?”

“போனுக்கு ஆர்ம்ஹோல் இல்லீங்க மேடம்.”

“ஸ்லீவ்லெஸ்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “வெச்சுட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரம் போனபோது ரிப்போர்ட் தயாராக இருந்தது. லார்ஜ் சாம்பிளுக்கு, அதாவது அனுசுயாவின் போனுக்கு, வாஷ் டெஸ்ட் முடிந்திருந்தது. சுருக்கம் இல்லை. சாயம் போகவில்லை. தையல் விடவில்லை. தேறியது. போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரைக்குள் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

முனீஸ் அதை அழுத்திப் பார்த்தான்.

“மேடம், ஓட மாட்டேங்குதுங்களே.”

“ஓடுறதுக்கு நம்ம ரிப்போர்ட்ல கட்டம் இல்லீங்களே. வாஷ்ல பாஸாயிருச்சுங்க. சந்தோசப்படுங்க, நெறைய பேருக்கு இதுலதான் போகுது.”

அடுத்தது ஊசி டெஸ்ட். குழந்தைகள் போடும் பனியனில் உடைந்த ஊசி மாட்டியிருக்கக் கூடாது என்பதற்காக ஒரு மிஷின் வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு போன்களும் அதற்குள் போனதும் அது அலறியது. எதிலோ ஊசி இருப்பதாகச் சபை முடிவு செய்தது. போனே இரும்பும் தகரமும்தான் என்று முனீஸ் சொல்லிப் பார்த்தான். அப்படியானால் நிறைய ஊசி இருப்பதாகச் சபை முடிவு செய்தது. சுப்பண்ணன் இரக்கப்பட்டு அவனை ஓரமாக அழைத்தார்.

“போனு இல்லாம வெறும் புரோகிராம மட்டும் கொண்டாங்க சாமி. அது கத்தாது.”

அவன் புரோகிராமை ஒரு சிடியில் எழுதிக் கொண்டுபோனான். சிடி கத்தவில்லை. அதற்குச் சிவப்பு டேக் கட்டினார்கள். கட்ட ஓட்டை நடுவிலேயே இருந்ததைச் சித்ராதேவி பாராட்டினார். இதற்குள் ஆடி பிறந்திருந்தது.

கடைசியாகக் கமிட்டி. தலைவர் செங்கோட்டையன் பழைய எக்ஸ்போர்ட்டர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மிகவும் மரியாதையானவர். அவன் உள்ளே வந்ததும் எழுந்து நின்று வணங்கினார். காபி வந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. பிறகு கன்னையனின் போனை வாங்கிப் புரோகிராமைத் தட்டினார். அன்றைக்குத் துணி வராததால் கன்னையன் காலையிலேயே இரண்டாவது பட்டனை அழுத்திவிட்டுத்தான் போனைக் கொடுத்திருந்தார். திரையில் ‘இல்லை’ என்று வந்தது.

செங்கோட்டையன் திரையைக் கமிட்டியினர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“ஆருங்க தம்பி இல்லீங்கறது?”

“போனுங்கய்யா.”

“ஆரைக் கேட்டுட்டுச் சொல்லுது?”

“கன்னையண்ணனக் கேட்டுத்தாங்க.”

செங்கோட்டையன் போனை மெதுவாக, சுடுகிற பாத்திரத்தை இறக்குவது போல, மேசையில் வைத்தார். பிறகு பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

“தம்பி வெளியூரு. தெரிஞ்சிருக்காது. எங்கப்பாரு காலத்துல இருந்து, வேலைன்னு வந்த ஒருத்தரையும் நாங்க இல்லீன்னு சொன்னதில்லீங்க. வாங்க, உக்காருங்கன்னுதான் சொல்லியிருக்கோம். பொழுதோட வரைக்கும் உக்காந்து பாத்துட்டு அவியளாவே போயிக்குவாங்க. நாங்க போகச் சொன்னதில்லை. இதுதானுங்க இந்த ஊரோட பேரு. நாளைக்கு ஒரு பையரு வந்து இந்தப் போனைப் பாத்தா, திருப்பூர்ல வேலை இல்லீன்னுல்ல நெனப்பான்?”

“உக்காந்திருக்கிற நேரத்துக்குக் கூலி இல்லீங்களேய்யா” என்றான் முனீஸ்.

“உக்கார்றதுக்கு எதுக்குங் கூலி? ஸ்டூலு நம்முளுது.”

கமிட்டியினர் தலையசைத்தார்கள். ஓர் உறுப்பினர், ஸ்டூலுக்கு வாடகை வாங்காததையும் குறிப்பில் சேர்க்கலாம் என்றார். பிறகு தீர்மானம் எழுதப்பட்டது. புரோகிராம் நல்ல புரோகிராம். ஏற்கப்படுகிறது. ஒரே ஒரு திருத்தம். ‘இல்லை’ என்பது ஊரின் பண்பாட்டுக்கு ஒவ்வாத சொல்லாக இருப்பதால் அந்த இடத்தில் ‘வாங்க, பார்த்துக்கலாம்’ என்று வர வேண்டும்.

முனீஸ் நடந்தே வீட்டுக்கு வந்தான். இத்தனை மாத உழைப்பில் ஒரேயொரு சொல்தான் அவனுடையது என்று அவனுக்குத் தோன்றியது. அதையும் கேட்டுவிட்டார்கள். அனுசுயாவிடம் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. சொன்னான். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“அட கிறுக்கு மனுசா, மாத்திக் குடுத்துட்டு வாங்க.”

“அப்பறம் எதுக்குடி அந்தப் புரோகிராமு?”

“வேலை இருந்தா உண்டுன்னு வரும். இல்லைன்னா பார்த்துக்கலாம்னு வரும். இந்த ஊருல பார்த்துக்கலாம்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?”

“சபைக்குத் தெரியாதா?”

“அடுத்தவுக சொன்னா தெரியும். தான் சொல்லும்போது தெரியாது.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. சீல் கிடைத்தது. கன்னையன் சொன்னபடி சொல்லிவைத்தார். நல்லூரில் பல கம்பெனிகளும் அனுப்பர்பாளையத்தில் சிலவும் எடுத்துக்கொண்டன. காலையில் தண்ணீர்க் குழாயடியில் பேச்சே மாறிவிட்டது.

“எங்க கம்பெனி இன்னிக்குப் பார்த்துக்கலாம். உங்குளுது?”

“எங்குளுது உண்டு. சட்டுனு வா, மணியடிக்கறதுக்குள்ள போயிரலாம்.”

“என் வீட்டுக்காரருகிட்ட கம்மல் கேட்டேன். அதுவும் பார்த்துக்கலாம்தான்.”

முனீஸ் குழாயடியைக் கடக்கும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். தான் எழுதிய ஒன்றை, தனக்குத் தெரிந்த முகங்கள் பயன்படுத்துவதை அவன் அதுவரை பார்த்ததில்லை. யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது. தண்ணீர் வருகிற குழாயை யாரும் கவனிப்பதில்லை அல்லவா என்று நினைத்துக்கொண்டான். ரிப்பேர் செய்த போனை வைத்துக்கொண்டு அனுசுயா அந்த நாட்களில் ஒருநாளும் சும்மா உட்கார்ந்து திரும்பவில்லை.

ஆடி முடிய இன்னும் சில நாட்கள் இருக்கையில் சபை அவனைக் கூப்பிட்டனுப்பியது.

இந்த முறையும் எழுந்து வணங்கினார்கள். இந்த முறையும் காபி வந்தது. சித்ராதேவி ரிப்போர்ட்டை வாசித்தார். “சாம்பிள்ல இருந்த குவாலிட்டி வேறங்க, மொத்தமா பல்க்ல இருக்கறது வேற. துணி வராத நாள்ல ஸ்டூல் எல்லாம் காலியா இருக்குதுங்க. திடீர்னு மத்தியானம் துணி வந்தா தைக்க ஆள் இல்லை. ஓனர்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க.”

செங்கோட்டையன் வருத்தத்தோடு அவனைப் பார்த்தார். உண்மையான வருத்தம்தான்.

“தம்பி, நாம வாங்கன்னு சொல்றோம். அவிய வர்றதில்லை. வாங்கன்னு கூப்புட்டா வரோணுமா வேண்டாங்களா? இத்தன வருசம் வந்தாங்க. வாங்கன்னா வந்தாங்க, உக்காருங்கன்னா உக்காந்தாங்க. இப்ப என்ன ஆச்சுன்னா, நாம பேசறது அவியளுக்குப் புரிஞ்சு போச்சு. தொழில் எப்புடிங்க நடக்கும்?”

“முன்னயும் புரிஞ்சுதாங்கய்யா இருந்துச்சு. ஆனா வந்து பார்த்தாத்தான் தெரியும்னு இருந்துச்சு” என்றான் முனீஸ்.

“அதத்தானுங்க நானும் சொல்றேன். அப்புடியே இருக்கட்டும்.”

தீர்மானம் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். இனி இரண்டு பட்டன்களுக்கும் ஒரே பதில்தான் வர வேண்டும்: ‘வாங்க’. அதை மாற்றிக் கொடுத்தால் சபை தன் எல்லா உறுப்பினர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்யும். அவிநாசி வரைக்கும், பெருமாநல்லூர் வரைக்கும் போகும். முனீஸ் ஆயுளுக்கும் செக்கிங் டேபிள் பக்கம் போக வேண்டியதில்லை. மாற்றாவிட்டால் சீல் ரத்து.

“மாத்திருங் தம்பி. ஒரு வார்த்ததானுங்களே.”

முனீஸ் காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நுரை ஓரத்தில் காய்ந்திருந்தது. மாற்றுவது எளிது. ஒரு வரி. வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் சோறு ஆறுவதற்குள் முடித்துவிடலாம். அதன் பிறகு காலையில் அனுசுயா அவன் கையால் எழுதியதைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதை நம்பி நடந்துபோய், ஸ்டூலில் உட்காருவாள். மற்றவர்கள் சொன்ன பொய்க்கு அவள் சிரித்தாள். இதற்கு அவள் சிரிப்பாளா என்று நினைத்துப் பார்த்தான். அறையிலிருந்தவர்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை.

“இல்லீங்கய்யா” என்றான். “மாத்த முடியாது.”

யாருக்கும் கோபம் வரவில்லை. கேட்டதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. சித்ராதேவியின் பேனா காகிதத்தின் மேல் நின்றுவிட்டது. நடவடிக்கைக் குறிப்பில் அந்தச் சொல் இதுவரை வந்ததில்லை, எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று அவர் தலைவரைப் பார்த்தார். செங்கோட்டையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“தம்பி பார்த்துக்கலாமுன்னு சொல்றாரு. எழுதிக்குங்க.”

அப்படியே எழுதப்பட்டு, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

புரோகிராமை மாற்ற அவன் தேவைப்படவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சபையிலிருந்து சுப்பண்ணன் சைக்கிளில் கம்பெனி கம்பெனியாகப் போய், முதலாளிகளின் போனில் இரண்டாவது பட்டன் மேல் பட்டன் துளை தைக்கும் காஜா டேபிளில் இருக்கும் துணி டேப்பை ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிட்டு வந்தார். முதல் பட்டன் மட்டும் மிச்சம். எல்லாப் போன்களிலும் எல்லா நாட்களிலும் ‘உண்டு’ என்று வந்தது. சுப்பண்ணன் ஒட்டும்போது கன்னையன் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாராம். பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

பெண்கள் சில நாட்கள் நம்பிப் போனார்கள். பிறகு போனைத் தட்டுவதை விட்டார்கள்.

செங்கோட்டையன் சபைத் தலைவராகவே இருந்தார். தொழிலுக்குள் கணினி நுட்பத்தைக் கொண்டுவந்ததற்காக ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சித்ராதேவி பெங்களூருக்கு வேறு வேலை கிடைத்துப் போனார். சுப்பண்ணன் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். கன்னையன் மிஷின்களை விற்றுவிட்டுப் பல்லடம் ரோட்டில் கோழிப்பண்ணை வைத்தார், அது சுமாராக நடக்கிறது. முனீஸ் ஆடி முடிந்த மறுநாள் அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச காலம் எழுதிக்கொண்டிருந்தான். பிறகு வேறு வகைப் போன்கள் வந்துவிட்டன, அவன் எழுதியது எதுவும் அவற்றில் ஓடாது. கம்ப்யூட்டரை விற்றுவிட்டான். அனுசுயா இப்போதும் தைக்கிறாள். காலையில் எட்டு மணிக்குக் கிளம்புகிறாள். வேலை இருக்கிறதா என்று போய்த்தான் தெரிந்துகொள்கிறாள்.